நான் வாசிக்காமல் விட்ட வரி

அன்று நாகல் நகர் ஜெபவீட்டில் பிரசங்கம் செய்ய வந்த புதிய ஊழியர், சித்தப்பா, நான், இன்னும் இருபது பேர் இருந்தோம். பழைய போதகர் இல்லை; ஊழியரின் பேச்சைக் கேட்டு அவரைச் சபையாரே விரட்டிவிட்டார்கள்.

ஆடி முடிவதற்குள் கர்த்தர் வருவார், விதைக்காதீர்கள் என்றார் ஊழியர், போன வாரத்தைப் போலவே. அவருக்காக வேதம் வாசிப்பவன் நான். அந்த நாளை ஒருவனும் அறியான் என்ற வரிக்கு முன்னால் அவர் கையமர்த்த, போன வாரம் பயந்து நிறுத்தினேன். இந்த வாரம் நிறுத்தாமல் உரக்க வாசித்தேன்.

சித்தப்பா என் சட்டையைப் பிடித்தார். “ஏலே, நாலெழுத்து படிச்சதும் கர்த்தருக்கே பாடஞ் சொல்லுறியோ?”

“நான் சொல்லல சித்தப்பா, வேதத்துல இருக்கு.”

“அப்ப போன வாரம் எங்கலே போச்சு அது?”

என்னை அடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

ஆடி முடிந்தது; ஊழியரும் சொல்லாமல் போய்விட்டார். உண்மையைச் சொன்னதற்காக நான் பட்ட அடி ஆறிவிட்டது. சொல்லாத அந்த ஒரு வாரத்தில் சித்தப்பா இழந்தது ஊழியரை நம்பி விற்ற ஒரு ஜோடி உழவுமாடு, விதைக்காத இரண்டு ஏக்கர்.