ஜீப்பில் நீட்டிய கை

எனக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. கணிதமும் அப்படித்தான். இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

மறுநாள் மதுரையில் ஆராய்ச்சிக் குழுவின் முன் நான் பேச வேண்டும். போன தடவை, "புவியீர்ப்பை ஏன் கேஜ் கோட்பாடு என்கிறீர்கள்?" என்று கேட்டதற்குப் பலகையையே வெறித்துக்கொண்டு நின்றவன் நான். இந்தத் தடவையும் நின்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போடிமெட்டிலிருந்து ஏலத்தோட்ட ஆட்களோடு ஜீப்பில் இறங்கினேன். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வயிறு புரண்டது. பக்கத்தில் இருந்த அம்மா பதறினார். "தம்பி, எம்மேல வாந்தி எடுத்துறாதப்பா! அந்தா தெரியுற மலையவே பாரு."

அவர் சேலையைக் காப்பாற்ற, பார்வை விலகாதபடி மலையை நோக்கி விரலை நீட்டிக்கொண்டேன். ஜீப்பு திரும்பத் திரும்ப, என் கை ஒவ்வொருவர் மூக்கையும் உரசிக்கொண்டு போனது.

"ஏப்பா, கைகாட்டி மரத்தையா ஏத்தியிருக்கோம்?" என்றார் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை திரும்பவே இல்லை, திரும்பியது ஜீப்பு. 'முன்பக்கம்' எது என்பதை இடத்துக்கு இடம் நம் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம்; அந்தச் சுதந்திரம்தான் 'கேஜ்'. அந்த மாற்றத்தை ஈடுகட்டும் விதிதான் நான் மனப்பாடம் செய்திருந்த 'இணைப்பு'. ஈடுகட்டிய பிறகும், என் கையைப் போலத் திசை மாற்றாமல் கொண்டுபோன ஓர் அம்பு, ஒரு சுற்று போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்ததும் கோணி நின்றால், அந்த மிச்சம்தான் காலவெளியின் வளைவு. ஈர்ப்பு என்பதே அதுதான்.

மறுநாள் அதே கேள்வி. கையை ஒரே திசையில் நீட்டிக்கொண்டு மேசையைச் சுற்றினேன். கை பட்டுக் குழுத்தலைவரின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

"புரிந்துவிட்டது, உட்காருங்கள்" என்றார்.

இன்றும் அந்த 'இணைப்பின்' சமன்பாட்டை எழுதும்போது லேசாகக் குமட்டும். குமட்டாத நாளில்தான், மறுபடி வெறும் மனப்பாடமாகிவிட்டதோ என்று எனக்குப் பயம் வருகிறது.