அப்பா வாசிக்காமல் நின்ற இடம்

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தில் அப்பாவின் முகம் கொஞ்சம் கலங்கித் தெரிகிறதே என்று யாரும் கேட்க வேண்டாம். நான்கு நாள் வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினோம். அப்பா அசையாமல் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. என் கல்யாண ஆல்பத்தில்கூட ஓரமாக நின்று வேறு பக்கம் பார்க்கிறார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஆள்போல. அட்டையில் இருப்பது அவருடைய ஜாஸ் கச்சேரி அன்று எடுத்தது. சாக்ஸபோன் தெளிவாக விழுந்திருக்கிறது. அதை வாசித்தவர் நடந்துகொண்டிருந்தார்.

பாகூர் ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பத்தில் அப்பா மூன்றாவது பிள்ளை. அவருடைய தாய்மாமா பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கிய சொல்தா. ஊர் திரும்பியபோது அவர் பெட்டியில் ஒரு கிளாரினெட்டும் சில ஜாஸ் இசைத்தட்டுகளும் இருந்தன. மாமாவுக்கு ஊதத் தெரியாது, அழகுக்கு வைத்திருந்தார். அப்பாதான் அதை எடுத்து, இசைத்தட்டைச் சுழலவிட்டு, காதில் விழுந்ததை எல்லாம் ஊதிப் பார்த்தார். கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனவர் வரப்பில் நடந்தபடி ஊதிக்கொண்டிருக்க, மடை உடைந்து பக்கத்துக்காரர் நாற்றங்கால் முழுகிவிட்டது. பெரியப்பா கண்ணை மூடும்வரை அதைச் சொல்லிக் காட்டினார்.

பிறகு வில்லியனூர் வந்தார். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை, மீதி நேரமெல்லாம் பேண்டு செட். கல்யாண ஊர்கோலம், மாதா தேர், வீராம்பட்டினத்து அம்மன் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் வாசலில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அப்பாவும் போனார், ஆனால் உட்காரவில்லை, கேட்டுக்கு முன்னால் நடந்தார். அந்தக் கஷ்டத்திலும் என்னை பி.பார்ம் படிக்கவைத்தார். இன்று நான் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பது அவர் ஊதிய மூச்சில்தான்.

சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தபடிதான் சாப்பிடுவார். "இன்னாங்க, சாப்புடற நேரமாவது சித்த குந்துங்களேன்" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. "குந்தினா இறங்க மாட்டேங்குதுடி" என்பார்.

பேண்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊர்வலம் போகும் தெருவில் துக்க வீடு இருந்தால், அந்த வாசலைத் தாண்டும்வரை வாசிக்கமாட்டார்கள். எதிரில் பாடை வந்தாலும் அப்படித்தான். யார் வீடு, என்ன சாதி, தெரிந்தவரா என்ற கேள்வியே கிடையாது. முன்னால் போகிற கிளாரினெட்காரர் ஒரு கையைத் தூக்குவார், பின்னால் டிரம் நின்றுவிடும். பின்னாளில் பல வருடங்கள் முன்னால் போய்க் கை தூக்கியவர் அப்பாதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்த தப்பு இதில்தான் இருக்கிறது.

பேண்டு செட்டிலிருந்து ஓய்வு பெற்று, கிளாரினெட்டை வைத்துவிட்டுச் சாக்ஸபோனை எடுத்த பிறகுதான் அப்பாவுக்கு ஜாஸ் முழுநேரமானது. டிரம்ஸ் வாசிக்கும் செல்வமும் கிட்டார் வாசிக்கும் அவர் நண்பரும் வாரம் தவறாமல் எங்கள் மாடிக்கு வருவார்கள். வயதில் பாதிகூட இல்லாத அவர்களை அப்பா மூச்சுவாங்க வைப்பார். "ஒரே ஒரு வாட்டி, ஆளுங்க எதிர்ல வாசிச்சி, அப்பிடியே பதிவு பண்ணணும்" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தால் விடுவாரா? மூலக்குளத்தில் செல்வத்தின் உறவினருக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அதன் மாடி ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏற்பாடானது. ஒலிப்பதிவுக்கு பிரபு என்ற தம்பி வந்தார். உங்களில் பலரும் வந்திருந்தீர்கள்.

அன்று ஏசி வேலை செய்யவில்லை. புழுக்கம் தாங்காமல் ரோட்டுப் பக்க ஜன்னல்களைத் திறந்தோம். ஐந்தாவது பாட்டில் அப்பா உச்சத்தில் இருந்தபோது கீழே வெடிச் சத்தம், பின்னாலேயே சாவு மேளம். அப்பா பாதியில் சாக்ஸபோனை இறக்கிவிட்டார். ஜாஸில் ஒருவர் விட்டால் அடுத்தவர் தனியாக வாசிக்கலாம். தனக்கு விட்டுக் கொடுத்தார் என்று நினைத்துச் செல்வம் உற்சாகமாக வெளுத்து வாங்க ஆரம்பித்தார். அப்பா திரும்பி ஒரு கையைத் தூக்கினார். டிரம்ஸ் நின்றது. பாட்டு முடிந்துவிட்டதென்று இரண்டு பேர் கைதட்டினார்கள். அப்பா ஜன்னலருகே போய் நின்றார். மேளம் தேய்ந்து மறையும்வரை அப்படியே நின்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து, விட்ட அந்த மூச்சின் மிச்சத்திலிருந்து வாசித்தார்.

முதல் வரிசையில் இருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் ஓடியாடி ஏற்பாடு செய்து, கடைசியில் பதிவில் சாவு மேளமா?

வீடு திரும்பும்போது காரில் அப்பா சொன்னார்: "அந்த எடத்த வெட்டி எடுக்க வேணாம்னு பிரபு கையில சொல்லிடுமா."

"சரிப்பா" என்றேன்.

மறுநாள் பிரபு போன் செய்தார். "அக்கா, அஞ்சாவது பாட்ட இன்னா பண்றது? வுட்டாலும் வுடலாம், வெட்னாலும் தெரியாது."

"வெட்டிடு" என்றேன். அப்பா சொன்னதை அவரிடம் சொல்லவே இல்லை.

ஆல்பம் தயாராகி என் போனுக்கு வந்தது. அப்பா இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மாடியில் நடந்தபடி கேட்டார். நான் துணி உலர்த்துவதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பாட்டு வரை நடந்தார். ஐந்தாவதில் நின்றுவிட்டார். எனக்கு விவரம் தெரிந்து அப்பா நடு மாடியில் அப்படிச் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

"இன்னாமா, அந்த எடம் எங்க?"

"மெஷின்ல ஏதோ கோளாறுப்பா. அந்தத் துண்டு மட்டும் போயிடுச்சாம்."

"போயிடுச்சா? திரும்பக் கெடைக்காதா?"

"கேட்டுப் பாக்கறேன்."

நான் கேட்கவில்லை. ஒரு போன் செய்தால் போதும், பிரபுவிடம் முழுப் பதிவும் பத்திரமாக இருந்தது. ஆனால் அது திரும்பி வந்தால் என் பொய்யும் கூடவே வெளியில் வருமே. இன்று பேசலாம், நாளை பேசலாம் என்று கடையில் நின்றபடி நாளைத் தள்ளினேன். அப்பாவோ தினமும் கேட்டார். உறவினர்கள் ஆல்பம் கேட்டபோது, "அது இன்னும் முடியல, ஒரு எடம் வரணும்" என்று யாருக்கும் அனுப்ப விடவில்லை.

அதற்குள் அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலும் படுக்கவில்லை. டிரிப்ஸ் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வார்டில் நடப்பார். நான் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் முதல் கேள்வி, "பிரபு இன்னா சொன்னான்?" என்பதுதான். "தேடறானாம்பா" என்பேன். ஒரு காலையில் நான் போனபோது ஸ்டாண்டு கட்டிலோரம் நின்றிருந்தது, அப்பா படுத்திருந்தார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெரியாத ஒருவர் வந்தார். பந்தல் வாசலில் கட்டியிருந்த, அதே கச்சேரிப் படம் போட்ட பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அழைத்தேன். மூலக்குளம், பெயர் ஏகாம்பரம் என்றார்.

"இவருதானே அன்னிக்கி மண்டபத்து மாடி ஜன்னலாண்ட நின்னவரு? கையில இதே வாத்தியம். கீழ போனது எங்க அம்மாங்க."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவரே சொன்னார்.

"எங்க வூட்டு எதிர்ல ஒரு செல்போன் கடை தெறப்பு விழா. ஸ்பீக்கர் போட்டு அலற வுட்டுக்கினு இருந்தானுங்க. ரெண்டு வாட்டி ஆள் அனுப்பிச்சேன், கொறைக்கவே இல்ல. எங்கம்மா அந்த ரோட்டுல பூ வித்தவங்க. கடைசியா போறப்ப ஒருத்தனும் மதிக்கலியேன்னு எனக்கு ஆத்திரம். மண்டபத்தாண்ட வந்தப்ப மேல வாத்தியம் டக்குனு நின்னுச்சி. நிமிந்து பாத்தேன். ஐயா ஜன்னலாண்ட வந்து நின்னாரு. நாங்க முனை திரும்பற வரிக்கும் நின்னுக்கினே இருந்தாரு. யாரு எவருன்னு தெரியாமலே இருந்தேங்க. பஸ்ல போறப்ப பேனரப் பாத்துட்டு எறங்கிட்டேன்."

அவர் போன பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வெட்டச் சொன்னதையும் பொய்யையும். "அப்பவே சொல்லியிருந்தா ஒரு நாளு கோச்சிக்கினு இருப்பாரு, அவ்ளோதான். இப்ப பாரு, அவர மாதிரி நீ நடந்துக்கினு கெடக்கற" என்றார் அம்மா. உண்மைதான். இந்த ஒரு வருடமாக எனக்கு உட்கார முடியவில்லை. இதைக்கூடக் கடையில் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

காரியம் நடந்த அன்றே பிரபுவுக்குப் போன் செய்தேன். வெட்டிய இடத்தைத் திரும்பச் சேர்த்து அனுப்ப அவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு மணி நேர வேலைக்காக அப்பாவைக் கடைசிவரை கேட்கவைத்தேன். உங்கள் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ராப்பகல் துணையிருந்த பாகூர்ச் சொந்தங்களுக்கும், வாத்தியத்தை வாயில் வைக்காமல் கையில் ஏந்தியபடி சுடுகாடுவரை கூட வந்த பேண்டு செட் நண்பர்களுக்கும், செல்வத்துக்கும், பிரபுவுக்கும், பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஏகாம்பரம் அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

ஆல்பம் இப்போது முடிந்துவிட்டது. பின் அட்டையில் உள்ள க்யூஆர் கோடை உங்கள் போனில் காட்டினால் முழுக் கச்சேரியையும் கேட்கலாம். ஐந்தாவது பாட்டில் திடீரென்று சத்தம் நிற்கும். போன் கெட்டுவிட்டதென்று அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடாதீர்கள். வெடிச் சத்தம் கேட்கும், மேளம் கேட்கும், யாரோ இருமுவதுகூடக் கேட்கும். அந்த அம்மா போய்ச் சேரும்வரை பொறுத்திருங்கள். அப்பா திரும்ப வாசிப்பார்.