படமில்லாத சாமான்

1. பெயர்கள்

யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் நான் வேலை செய்யும் கடையில் அரிசி, மா, சவர்க்காரம், வாளி, சைக்கிள் ரியூப் எல்லாம் விற்கிறோம். கவுண்டரில் நிற்கும் ஆளாகச் சேர்ந்தேன். இப்போது கடை விற்பனை, இணைய விற்பனை இரண்டும் என் பொறுப்பு. இணையத்தில் வாங்குகிறவர்கள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் சாமான் சுருவிலிலும் கரம்பொன்னிலும் இருக்கிற தாய் தகப்பன் வீட்டுக்குப் போகும். நெடுந்தீவுக்கு என்றால் படகில் ஏற்றிவிடுவோம்.

இரண்டு விற்பனைக்கும் வெவ்வேறு சிஸ்டம் இருந்தது. கவுண்டரில் பில் போடுகிற பழைய சொப்ட்வெயர் ஒன்று, இணையத்தளம் இன்னொன்று. ஒன்றுக்கு மற்றதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைசிப் பால்மாப் பெட்டியைக் கவுண்டரில் விற்றுவிடுவோம். இணையத்தில் அது இன்னும் இருப்பதாகக் காட்டும், பாரிஸிலிருந்து ஒருவர் வாங்குவார். பின்னேரம் நான் அவருக்கு அழைத்து மன்னிப்புக் கேட்பேன். முதலாளி சிவம் அண்ணை இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். இரண்டையும் ஒரே தளத்துக்கு மாற்ற முடிவு செய்து, யாழ்ப்பாணத்திலிருந்து தர்சனைக் கூப்பிட்டார்.

தர்சன் இந்த வேலையைப் பல கடைகளுக்குச் செய்தவர். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "அக்கா, சாமானை மாத்துறது லேசு. பேரை மாத்துறதுதான் பாடு."

அது உண்மை என்று அன்றே தெரிந்துவிட்டது. கவுண்டர் சிஸ்டத்தில் 'சீனி' என்று இருந்தது, இணையத்தில் 'வெள்ளைச் சீனி ஒரு கிலோ' என்று இருந்தது. ஒரு சவர்க்காரத்துக்கு யாரோ 'பச்சை பெரிசு' என்றும், அதே சவர்க்காரத்துக்கு இன்னொருவர் 'உடுப்புச் சோப் பழசு' என்றும் பதிந்திருந்தார்கள். எந்தெந்தப் பெயர் ஒரே சாமான் என்று பொருத்துவதுதான் என் வேலை. எனக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொரு பெயரையும் யார், எதை நினைத்துக்கொண்டு வைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே பொருத்துவேன்.

அப்படிப் பொருத்திக்கொண்டு போகும்போதுதான் 'வேறு' வந்தது.

2. வேறு

இணையத்தளத்தில் மட்டும் இருந்தது. பெயர் 'வேறு'. படம் இல்லை, நிறை இல்லை, பார்கோட் இல்லை. விலை சிறிது. ஆனால் பால்மாவைப் போல விடாமல் விற்றிருந்தது.

சிவம் அண்ணையிடம் கேட்டேன். "அது உமக்கு முந்தி இணையத்தைப் பாத்தவர் போட்டது. தூரத்து வீடுகளுக்குக் கூடுதல் கூலியாக்கும். அன்ரனின்ரை சம்பளத்திலை தூரப் பயணம் எண்டு அது சேருது," என்றார். முந்தி இணையத்தைப் பார்த்த அந்த ஆள் வெளிநாடு போய்விட்டார். அன்ரன் அண்ணை எங்கள் சாமான்களை ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்பவர்.

தர்சன் திரையைப் பார்த்தார். "புதுச் சிஸ்டம் தூரத்தைப் பாத்து டெலிவரிக் கூலியைத் தானே போடும் அக்கா. நிறை இல்லாத சாமானை ஏத்தவும் விடாது. தேவையெண்டா பிறகு போடுவம்."

கூலிக்கு ஏன் ஒரு சாமானின் பெயர் வேண்டும் என்ற கேள்வி எனக்குள் இருந்தது. ஆனால் மாற்றும் நாள் நெருங்கிவிட்டது. மூன்று பேரும் இருந்து பேசித்தான் அதை ஏற்றாமல் விட்டோம்.

3. புதுச் சிஸ்டம்

மாற்றிய அன்று காலையில் பில் அடிக்கும் மெஷின் தமிழ் எழுத்துகளைக் குழப்பி அடித்தது. கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. வாளி வாங்கிய ஒருவர் பில்லைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, "வாசிக்கேலாது பிள்ளை. ஆனா கூட்டல் சரி," என்று மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் தர்சன் அதைச் சரிப்படுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் அழகாக ஓடியது. கவுண்டரில் ஒரு பால்மாப் பெட்டி விற்றால் அந்தக் கணமே இணையத்தில் ஒன்று குறைந்தது. சும்மா நிற்கும் நேரத்தில் நான் அதைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். டெலிவரிக்கும் ஓர் ஒழுங்கு வந்தது. அன்ரன் அண்ணை பையை வாசல் படலையடியில் வைத்துப் படம் எடுத்து, போனில் ஒரு பொத்தானை அழுத்துவார். வாங்கியவருக்கு அந்தப் படம் உடனே போகும். முன்பு பொழுதுபட வந்து சேரும் ஓட்டோ இப்போது நேரத்தோடு திரும்பியது. சிவம் அண்ணைக்கு அதில் பெரிய திருப்தி.

அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து சில செய்திகள் வந்தன. "புதுத் தளத்திலை 'வேறு' எங்கை?" என்று கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலை அனுப்பினேன்: "கூலி இப்போது தானாகவே சேர்ந்துவிடும். தனியாக எடுக்கத் தேவையில்லை." நல்ல செய்தி சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். கரம்பொன்னுக்குச் சாமான் அனுப்பும் ஜெனிற்றா மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் அதே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினேன்.

4. ரொறன்ரோவிலிருந்து

ஒரு பின்னேரம் ஜெனிற்றாவே அழைத்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"அக்கா, அம்மா போன் எடுக்கிறா இல்லை. முந்தநாள் தொடக்கம் அடிச்சுக்கொண்டு இருக்கிறன். பக்கத்து வீட்டுக்காரர் கொழும்புக்குப் போட்டினம். ஆரையும் கேக்கேலாமல் கிடக்கு."

"அன்ரன் அண்ணை நேற்றுத்தானே அங்கை சாமான் குடுத்தவர். உமக்குப் படம் வந்திருக்குமே?"

"வந்தது. படலை தெரியுது, பை தெரியுது. அம்மா தெரியேல்லை."

ஜெனிற்றா தொடர்ந்தார். "முந்தி அவர் உள்ளுக்குப் போய், அம்மாவோடை அரை மணித்தியாலம் இருந்து கதைச்சுப்போட்டு எனக்கு எடுத்துச் சொல்லுவார். அதுக்குத்தானே நான் 'வேறு' எடுக்கிறனான்."

அப்போதுதான் விளங்கியது. தாய் தனியாக இருக்கிறார், சாமான் கொடுக்கும் ஆள் கொஞ்ச நேரம் இருந்து கதைத்துவிட்டு வரமுடியுமா என்று ஜெனிற்றா முன்பிருந்தவரிடம் கேட்டிருக்கிறார். சாமான் ஒன்றைத் தெரிவு செய்யாமல் தளத்தில் காசு கட்ட முடியாது. அதற்காக அவர் 'வேறு' என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஜெனிற்றா சிநேகிதிகளுக்குச் சொல்ல, அவர்களும் எடுத்திருக்கிறார்கள்.

அன்ரன் அண்ணை பின்னால் பை அடுக்கிக்கொண்டு நின்றார். போய்க் கேட்டேன்.

"ஓம். இருந்து கதைக்கிறது. சில வீட்டிலை பல்ப் மாத்திக் குடுப்பன். சுருவிலிலை ஒரு ஐயாவுக்கு நகம் வெட்டி விடுறனான்."

"பிறகு ஏன் விட்டனீங்கள்?"

"ஓடரிலை வரேல்லைப் பிள்ளை. முதலாளி வேண்டாம் எண்டிட்டார் எண்டு நினைச்சன். கேக்க ஒரு மாதிரிக் கிடந்துது. புது ஒழுங்கிலை படலையிலை வைச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்லித்தானே காட்டுது."

கவுண்டரைக் கடையில் நிற்கும் மற்றப் பிள்ளையிடம் விட்டுவிட்டு அவருடைய ஓட்டோவில் ஏறினேன்.

5. கரம்பொன்

ஜெனிற்றாவின் தாய் திரேசா அம்மாவின் படலையடியில் ஓட்டோ நின்றதும் அன்ரன் அண்ணையின் முகம் மாறியது. முந்தைய நாள் வைத்த பை வைத்த இடத்திலேயே இருந்தது. கோழிகள் அதைக் கொத்திக் கிழித்து அரிசி நிலத்தில் கொட்டிக் கிடந்தது. இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டோம். சத்தமில்லை. அன்ரன் அண்ணை படலையைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"ஆர் அது?"

கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தார் திரேசா அம்மா. நேரான உடம்பு, ஈரக் கை. அன்ரன் அண்ணை அப்படியே நின்றுவிட்டார். திரேசா அம்மா அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"வைச்ச இடத்திலை கிடக்குது. கொண்டுபோ," என்றார்.

"ஏனம்மா போன் எடுக்கேல்லை? மகள் பயந்து போனா," என்றேன்.

"பயப்பிடுறவள் ஏன் நிப்பாட்டினவள்?"

"எதையம்மா?"

"இவன் வந்து இருக்கிறதை."

அன்ரன் அண்ணை நிலத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமோ அம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியாமல்? நான் தபால் கந்தோரிலை ரெலிபோனிலை இருந்தனான். மூண்டு நிமிசத்துக்கு இவ்வளவு எண்டு ஆக்களுக்குக் கதை வித்தனான். சாமான் குடுக்க வந்தவன் அரை மணித்தியாலம் கதிரையிலை சும்மா இருப்பானோ? முதல் நாளே எனக்கு விளங்கிப்போட்டுது."

"அது உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?" என்றேன்.

"ஏன் பிடிக்காது? தன்னாலை வரேலாது, காசு குடுத்தெண்டாலும் ஒருத்தனை அனுப்புறாள் எண்டு இருந்தனான். இப்ப அதுவும் அவளுக்குப் பாரமாப் போச்சு."

ஜெனிற்றா நிறுத்தவில்லை, நாங்கள்தான் சிஸ்டம் மாற்றும்போது விட்டுவிட்டோம் என்று சொன்னேன். திரேசா அம்மா நம்பவில்லை. "குற்றத்தைக் கொம்பியூட்டரிலை போடாதையும் பிள்ளை. அவள் அனுப்பித்தான் வந்தனீரோ?"

வேறு வழி தெரியவில்லை. என் போனில் ஜெனிற்றாவின் செய்திகளைத் திறந்து கொடுத்தேன். உள்ளே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து வாசித்தார். ஒவ்வொன்றாக, உதடு அசைய. 'வேறு எங்கை அக்கா?' 'இன்னும் காணேல்லை அக்கா.' 'கூலி இல்லை, நான் கேக்கிறது மற்றது.' ஒவ்வொன்றின் கீழும் என்னுடைய ஒரே பதில் இருந்தது. அதையும் வாசித்தார்.

"இவ்வளவு தரம் கேட்டிருக்கிறாள்," என்றார். பிறகு போனைத் திருப்பித் தந்தபடி சொன்னார்: "ஒண்டை விக்காமல் விட்டால் வாங்கிறவைக்கு மட்டும் சொன்னால் காணாது பிள்ளை. போய்ச் சேருற இடத்துக்கும் சொல்லவேணும்."

அவருடைய போன் அலுமாரிக்குள் துணிகளுக்குக் கீழே கிடந்தது. எடுத்து மகளுக்கு அழைத்தார். நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன். "ஓம்... சாப்பிட்டனான்... இல்லையடி, கோவமில்லை... இப்ப எல்லாம் கோழி திண்டு போட்டுது," என்று உள்ளேயிருந்து கேட்டது. அன்ரன் அண்ணை மிஞ்சிய சாமான்களைப் பொறுக்கிக் குசினியில் கொண்டுபோய் வைத்தார்.

6. எத்தனை

அடுத்த நாள் சிவம் அண்ணையிடமும் தர்சனிடமும் நடந்ததைச் சொன்னேன்.

"இப்பிடி ஒண்டை நாங்கள் விக்கலாமோ?" என்று கேட்டார் சிவம் அண்ணை.

"வித்துக்கொண்டுதான் இருந்தனாங்கள் அண்ணை. தெரியாமல் வித்தனாங்கள்," என்றேன்.

தர்சன் வழி சொன்னார். புதுத் தளத்தில் 'சேவை' என்று ஒரு வகை இருந்தது. அதற்கு நிறை தேவையில்லை. பெயர் என்ன வைப்பது என்பதில்தான் நேரம் போனது. தர்சன் 'முதியோர் நலன் பேணல்' என்றார். ஆஸ்பத்திரி போர்ட் மாதிரி இருக்கிறது என்றார் சிவம் அண்ணை. கடைசியில் அன்ரன் அண்ணை என்னிடம் சொன்னபடியே 'இருந்து கதைத்தல்' என்று போட்டோம். படம் கட்டாயம் என்றது தளம். ஒரு வெறும் கதிரையைப் படமெடுத்து ஏற்றினேன். கேட்டவர்கள் எல்லோருக்கும் நானே அழைத்துச் சொன்னேன். சாமான் போகும் வீடுகளுக்கும் சொன்னேன்.

அடுத்து தளம் கையிருப்பு எவ்வளவு என்று கேட்டது. தர்சன் என்னைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை எண்டு போட அக்கா?"

பழைய தளத்தில் எல்லை இருக்கவில்லை. வாங்கினவர்கள் வாங்கினபடி அன்ரன் அண்ணை ஓடியிருக்கிறார். அவரால் எத்தனை முடியும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. போய்க் கேட்டேன். மூன்று என்றார். மூன்று என்று போட்டேன்.

முதல் நாள் காலையிலேயே மூன்றும் விற்று முடிந்துவிட்டன. சிவம் அண்ணை திரையைப் பார்த்துவிட்டு அன்ரன் அண்ணையைக் கூப்பிட்டார். "பத்து எண்டு போடுவமே? இப்ப நேரத்தோடை வாறீர்தானே."

"ஓடலாம் அண்ணை," என்றார் அன்ரன் அண்ணை. "ஆனா நாலாவது வீட்டிலை நான் மணிக்கூட்டைப் பாப்பன். அவைக்கு அது விளங்கும்."

மூன்று அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார் சிவம் அண்ணை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சிஸ்டம் மாற்றும்போது பெயரும் படமும் பார்கோடும் ஒழுங்காக இருக்கிற சாமான்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவை தாங்களாகவே போய்ச் சேரும். எந்தப் பெட்டியிலும் அடங்காத ஒன்று விடாமல் விற்றிருந்தால் அங்கேதான் நிற்க வேண்டும். அதைக் கொண்டுபோகிறவரிடம் கேளுங்கள். வாங்குகிறவரிடம் கேளுங்கள். முடியுமென்றால் அது போய்ச் சேருகிற வீட்டுக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இந்த வருடம் இன்னொருவரையும் டெலிவரிக்குச் சேர்த்தோம். கையிருப்பை ஆறு என்று மாற்றச் சொன்னார் சிவம் அண்ணை. மாற்றுவதற்கு முன் புதியவரிடம் போய்க் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு என்றார். ஐந்து என்று போட்டேன்.