ஆடு மிதிக்காத தரிசு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். கடையம் தபால்காரர் அதை நீட்டும் முன்னே வாசலுக்கு ஓடிவிடுவேன். பிரித்துப் படித்தாலோ பற்றிக்கொண்டு வரும். எனக்கு நான்கு வரி, அவருடைய அம்மாவுக்கு இரண்டு வரி, மீதிப் பக்கம் முழுக்க மேலத் தரிசும் அதில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவிகளும்தான்.

மேலத் தரிசு என்பது எங்கள் புஞ்சைக்கு மேற்கே கிடந்த மூன்று ஏக்கர் கல்லாங்காடு. ஏர் பிடித்தால் கொழு முறியும். புல்லைத் தவிர அதில் ஒன்றும் முளைக்காது. கல்யாணமான புதிதில் என்னை அங்கே கூட்டிப்போய், வெறுந்தரையில் சரளைக் கற்களுக்கு நடுவே கிடந்த முட்டைகளைக் காட்டினார். கல் எது, முட்டை எது என்று எனக்குத் தெரியவில்லை. தாய்க்குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. மற்ற மாப்பிள்ளைகள் பெண்டாட்டியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார்கள், எனக்கு வாய்த்தது இது என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன்.

பட்டாளத்திலிருந்து வந்த முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார்: "ஆடு முட்டையை மிதித்துவிடும். தரிசில் ஆடு இறங்காமல் பார்த்துக்கொள். உன்னை நம்பித்தான் விட்டுவந்திருக்கிறேன்." எந்த மாதம், எத்தனை நாள் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கோ எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. கூலிக்கு ஆள் விட்டு உடைமுள் வெட்டி, தரிசைச் சுற்றி ஓட்டையில்லாமல் அடைத்துவிட்டேன்.

தை மாதம் வழக்கம்போல ஆட்டுக்காரர் கிடை போட வந்தார். ராத்திரி ஆடுகளை எங்கள் புஞ்சையில் அடைப்பார், புழுக்கை உரமாகும். அதற்குப் பதிலாகப் பகலில் தரிசில் மேய்த்துக்கொள்வார். மாமனார் காலத்திலிருந்து இருந்துவந்த ஏற்பாடு அது.

"என்னம்மா, தரிச அடச்சிட்டிய?" என்று முள்வேலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இனிமே அங்கன ஆடு ஏறக் கூடாது அண்ணாச்சி. ஆள்காட்டி முட்டையிடுத எடம்."

"அது சித்திரைக்குப் பொறவுல்லா முட்டையிடும்? இப்ப ஆடு கடிச்சு விட்டாத்தான் அப்ப தரை தெரியும். புல்லு எந்திரிச்சு நின்னுட்டா அது எறங்காதும்மா."

"உங்க ஆட்டுக்கு மேய்ச்சல் வேணும். அதுக்குக் குருவி பேரச் சொல்லி வக்காலத்து வாங்குதியளோ?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அந்த வருஷம் புஞ்சைக்கு உரமும் இல்லை. "ஏட்டி, அவனுக்குத்தான் குருவிக் கிறுக்கு. நீ அவனுக்கு மேல இருக்கியே" என்று மாமியார் ஒரு மாதம் இடித்துக்கொண்டே இருந்தார்.

சித்திரை பிறந்தது. புல் முழங்காலுக்கு மேல் காய்ந்து நின்றது. ஒரு ஜோடி ஆள்காட்டி வந்தது. தரிசுக்கு மேலே இரண்டு நாள் சுற்றிச் சுற்றிக் கத்தியது. மூன்றாம் நாள் காணோம். ஆட்டுக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

அரிவாளை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். நான்கு நாள் அறுத்ததில் ஒரு மூலைகூடத் தேறவில்லை. ஊசிப்புல் சேலையெல்லாம் குத்தி, உட்கார்ந்து பிடுங்கியே பாதிப் பொழுது போனது. ரோஷத்தை விழுங்கிக்கொண்டு ஆட்டுக்காரரைத் தேடிப்போனேன். அவர் பழையதை மனதில் வைத்துப் பேசவில்லை. "வெத்தல வாங்கிட்டேம்மா. திருவேங்கடத்துப் பக்கம் ஒரு சம்சாரி புஞ்சையில கிடை போட வாக்குக் குடுத்தாச்சு. நாளைக்கு மந்தையப் பத்துதோம்" என்றார். கிடைக்கு வெற்றிலை வாங்கிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. அவரைக் கெஞ்சக்கூட எனக்கு வழியில்லை.

அடுத்த வாரமே கடிதம் வந்தது. "இந்த வருஷம் முட்டையிட்டதா?" அங்கே அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போது, என் அவசர புத்தியால் குருவி போய்விட்டது என்று எப்படி எழுதுவது? "நாலு முட்டை" என்று எழுதினேன். அடுத்த கடிதத்தில் நாலும் பொரித்துவிட்டதாக எழுதினேன். அதற்கு அடுத்ததில் குஞ்சுகள் கல்லோடு கல்லாகப் பதுங்குவதைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். பொய் எழுத எழுத எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்த தையிலும் ஆட்டுக்காரர் திருவேங்கடத்துப் பக்கமே கிடை போட்டுவிட்டார், எங்கள் ஊருக்கு வரவில்லை. மறுவருஷம் வைகாசியில் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பாதியாக இளைத்திருந்தார். மாமியார் கொடுத்த காப்பியைக் குடித்த கையோடு தரிசுக்குக் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், வாய் வரவில்லை. வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். புல் இப்போது இடுப்பளவு இருந்தது. எங்கும் ஒரு குருவிச் சத்தம் இல்லை. எப்போதிலிருந்து ஆடு விடவில்லை என்று கேட்டார். எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன்.

அவர் வேலிக்கு மேலே கையை நீட்டி ஒரு புல்லைப் பிடுங்கினார்.

"குண்டு விழுதப்பல்லாம் அந்த நாலு குஞ்சத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றார்.

திட்டியிருந்தால், எந்த மாதம் என்று ஒரு வரி எழுதினீர்களா என்று நானும் பதிலுக்குக் கேட்டிருப்பேன். அவர் திட்டவே இல்லை.