குப்பியில் கலங்காத தண்ணீர்

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக் கூட்டி இதை எழுத நாலு நாள் ஆனது. மலேரியாவுக்குக் கொயினா மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கும்பப்பூ நெல் அறுப்பு நேரம். பூதப்பாண்டியில் களத்தில் நின்றபோது முதல் நடுக்கம் வந்தது. முறைக்காய்ச்சல் (ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிரோடு வருவது). நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து கொயினா கொடுத்தார்கள். காய்ச்சல் விடவில்லை. டாக்டர் ஒரு குப்பியைத் தந்து மூத்திரம் கேட்டார்.

விழுங்கிய மருந்தில் கொஞ்சம் அப்படியே வெளியே வருமாம். மீதி உடம்புக்குள் உடைந்து, உருமாறி வருமாம். அதில் ஏதோ திராவகத்தைச் சொட்டினால் அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கும். கலங்கல் எவ்வளவு கெட்டியோ, மருந்தும் அவ்வளவு.

என் குப்பியை அந்நிய ஆண்பிள்ளை தூக்கிப் பார்ப்பதா? மகள் பகவதியிடம் நீட்டினேன்.

"ஏட்டி, நீ பிடிச்சுக் கொண்டா."

"எனக்க மூத்திரத்துல உனக்க மருந்து எப்பிடிம்மா வரும்?"

"உன்னைச் சுமந்தவ நான். ரெண்டும் ஒரே ரத்தந்தான். ஏட்டி, போ."

தண்ணீர் கலங்கவே இல்லை.

"ஆச்சி, மாத்திரைய முழுங்குதியளா, கோழிக்குப் போடுதியளா?" என்றார் டாக்டர்.

"முழுங்கத்தான் செய்யுதேன்."

மருந்து உடம்பில் சேரவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டினார். கூட்டிய மாத்திரையையும் விழுங்கினேன்.

மூன்றாம் நாள் இரண்டு காதிலும் சில்வண்டு இரைந்தது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வராந்தாவில் அங்குமிங்கும் நடந்தேன். பகவதியின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கோயில் மணியும் வரவில்லை. இனி ஒரு பிள்ளையின் குரலும் கேட்காதோ?

நானே குப்பியோடு மறைவுக்குப் போனேன். நானே கொண்டுபோய்க் கொடுத்து, முதலில் கொடுத்தது மகளுடையது என்றும் சொன்னேன்.

திராவகம் விழுந்ததும் மோர்போல் வெளுத்தது. டாக்டர் பேசியதைப் பகவதி என் காதோரம் கத்தினாள்: "மருந்து கூடிப்போச்சாம்! நிறுத்தணுமாம்! காது வருமான்னு இப்பச் சொல்ல முடியாதாம்!"

பிறகு தினமும் ஒரு குப்பி. எனக்குக் கிழமை மறந்தது. நேற்றைவிட இன்று எவ்வளவு தெளிந்திருக்கிறது என்பதே என் நாளானது. காய்ச்சல் போய்விட்டது. குப்பி தெளிந்த பிறகு வலது காது மெல்லத் திரும்பியது. இடது காதில் வண்டு இன்னும் இருக்கிறது. ஓரிடத்தில் இருக்கவிடாமல் எழுப்புகிறது. உங்கள் குப்பியை நீங்களே கொடுங்கள்.

பகவதியின் மகள், என் பேத்தி, பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். எழுதியதை அவளிடம் நீட்டுகிறேன்.

மக்கா, இத வாசி. அந்தப் பக்கம் நிக்காத, வலது பக்கம் வா. கத்தாத, எல்லாருக்கும் வாசிக்குத மாதிரி வாசி. எந்த இடத்துல கேக்காமப் போகுதுன்னு நான் சொல்லுதேன்.