நாற்காலியில் ஒரு புறப்பாடு

வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்து சில வருடங்கள் ஆகியும் எங்கள் தெருவில் எனக்கு யாரையும் சரியாகத் தெரியாது. எல்லாம் புது வீடுகள். காலையில் ஸ்கூட்டியை எடுத்தால் வேலை முடிந்து சாயங்காலம்தான் திரும்புவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்காலத்துக்கு முன்னால், ஏரி நிரம்பித் தண்ணீர் தெருவுக்குள் வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை காட்டத் தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "இந்தத் தெருவுல நடக்க முடியாதவங்க யார்னா இருக்காங்களா?" என்று கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாருக்கும் தெரியவில்லை.

"சரி, அந்த மாதிரி நடிக்கவாவது ஒருத்தர் வாங்க" என்றார். என் கணவர் உடனே என்னைக் கை காட்டிவிட்டார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, லேசாகப் பின்னால் சாய்த்து, நான்கு பேர் தூக்கினார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அடிபட்டவங்க சிரிக்கக் கூடாதுங்க" என்றார் அந்த மூத்த வீரர். அதைக் கேட்டுத் தூக்கியவர்களும் சிரித்து, என்னைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டார்கள்.

அப்போது கடைசி வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது. "நெஜமாவே நடக்க முடியாதவ நான் ஒருத்தி இங்க இருக்கேன். என்னை யாரும் கேக்கலியே."

அவர் ஓய்வுபெற்ற நர்ஸ். முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டு தனியாக இருந்தார், மகன் சென்னையில். அன்று அவர் வீட்டு வாசலில்தான் எல்லோரும் டீ குடித்தோம். தண்ணீர் வந்தால், எங்கள் தெருவில் மாடி இருக்கும் பஸ் கண்டக்டர் ஒருவரின் வீட்டில் கூடுவது என்றும் அங்கேயே முடிவானது.

கார்த்திகை மழையில் தண்ணீர் வந்தேவிட்டது. விடிந்து பார்த்தால் தெருவில் முழங்கால் அளவு. என் கணவரும் கண்டக்டரும் இன்னும் இரண்டு பேரும் நேராகக் கடைசி வீட்டுக்குப் போனார்கள். நர்ஸ் அம்மாவின் மாத்திரைப் பையையும் போனையும் எடுத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அந்த அம்மா நாற்காலியில் குடை பிடித்தபடி வந்தார்.

"சாமி பொறப்பாடு மாதிரியே இருக்குதுங்க" என்றார் கண்டக்டர்.

"அப்போ கம்மியா ஆட்டுங்க. சாமிக்குத் தல சுத்துது."

தூக்கியவர்கள் சிரித்ததில் நாற்காலி இன்னும் ஜாஸ்தியாக ஆடியது. ஆனால் இந்த முறை யாரும் கீழே இறக்கவில்லை.

மாடியில் பெரிய குக்கரில் உப்புமா கிளறினோம். எந்தத் தட்டு யாருடையது என்று பார்க்காமல் சாப்பிட்டோம். பிறகு தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடினோம். அந்த அம்மா எல்லோரையும் வெட்டினார். காயை ஒரு கட்டம் தள்ளி வைக்கிறார் என்று கண்டக்டரின் மனைவி கையும் களவுமாகப் பிடித்தார். அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை.

மதியம் தண்ணீர் வடியத் தொடங்கியபோது அவர் மகன் போன் செய்தார். "அம்மா, எங்க இருக்க? டிவில காட்றாங்க, பயமா இருக்கு."

"இருப்பா, தாயம் விழற நேரம்" என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

நடந்ததை எல்லாம் நான்தான் மகனிடம் சொன்னேன். நாற்காலி, குடை என்று சொல்லிக்கொண்டே வந்தபோது அந்தப் பக்கம் மூச்சு விட்டுவிட்டுக் கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.