வெள்ளிக்கிழமை எலிவேற்றர் ஓடுமாம்

கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் எலிவேற்றர் இரண்டு. ஒன்று நாங்கள் குடிவருவதற்கு முன்பே படுத்துவிட்டது. மற்றது போன இலையுதிர் காலத்தில் நின்றது. நான் இருப்பது ஒன்பதாம் மாடி. முழங்கால் வருத்தத்தோடு ஒன்பது மாடி ஏறுவது என்னவென்று ஏறினவருக்குத்தான் தெரியும். ஆனால் என்னைவிட மோசமாக அகப்பட்டுக்கொண்டவள் என் எதிர்வீட்டுக்காரி.

அவள் ஸ்லோவாக்கியாவில் இருந்து வந்தவள். என்னைப் போல ஐம்பதைத் தாண்டியவள். கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது, வீல்செயாரில்தான் இருப்பார். அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். என்னுடையது கொஞ்சம் பரவாயில்லை என்பதால், கட்டட மனேஜரிடம் கதைக்கப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள்.

மனேஜர் இளம் ஆள். எங்களைக் கண்டதும் எழுந்து நிற்பான், கதிரை இழுத்துப் போடுவான். அதுதான் எனக்கு எரிச்சல். அவன் கத்தினால் நாங்களும் கத்தலாம். சிரிக்கிறவனோடு என்ன செய்வது?

"வெள்ளிக்கிழமை ஓடும். ஐ கிவ் யூ மை வேர்ட்" என்றான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை ஓடவில்லை. போய்க் கேட்டோம். "சம்திங் கேம் அப்" என்றான். அடுத்த வெள்ளிக்கு நாள் குறித்தான். அதற்கடுத்த வெள்ளிக்கும் அதே சிரிப்பு, அதே பதில். கடைசியில் "என்னால் ஆனதைப் பார்க்கிறேன்" என்ற இடத்துக்கு இறங்கிவிட்டான்.

கடைக்குப் போய்த் திரும்பும் நாட்களில் நாங்கள் இருவரும் ஐந்தாம் மாடிப் படியில் இருந்து இளைப்பாறுவோம். காலடியில் பால் பெட்டி, உருளைக்கிழங்குப் பை. அப்படி ஒருநாள் அவள் கேட்டாள்.

"சம்திங் கேம் அப் என்றால் என்ன?"

"ஏதோ எதிர்பாராத வேலை வந்துவிட்டதாம்."

"கேம் அப் என்றால் மேலே வந்தது என்றுதானே? இந்தக் கட்டடத்தில் எங்கள் இருவரையும் தவிர எது மேலே வருகிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. சொற்களைப் பிடித்து உலுக்கினால் எலிவேற்றர் ஓடிவிடும் என்பதுபோல, அன்று முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் வாக்கு உடைகிறதாம், கண்ணாடி மாதிரி. அவளுடைய மொழியில் சொல்லுக்கு 'ஸ்லோவோ' என்று பெயர்; கொடுத்த ஸ்லோவோவை விடாமல் பிடித்திருக்க வேண்டுமாம், பிடிக்காதவன் மனிதன் இல்லையாம். தமிழில் என்ன என்று கேட்டாள். வாக்குத் தவறும் என்றேன். படியைக் காட்டி, கால் தவறுவது போல என்று விளக்கினேன்.

"அப்படியென்றால் அது யாருடைய குற்றமும் இல்லையா?" என்றாள் கோபமாக.

வாக்கைத் தவறவிட்டதே நான்தான் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. தமிழின் மானத்தைக் காப்பாற்ற 'பேய்க்காட்டுறான்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். ஏமாற்றுவதற்கு எங்கள் ஊர்ப்பக்கம் சொல்லும் சொல். பேயைக் காட்டி ஆளை மயக்குவது என்று நானாக ஒரு விளக்கமும் கொடுத்தேன். அது அவளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. பதிலுக்குத் தன் ஊர்ப் பழமொழி ஒன்று சொன்னாள்: வாக்குக் கொடுக்கிறவன் கொடுப்பான், மடையன் சந்தோசப்படுவான்.

அந்த மடைச்சிகள் நாங்கள்தான்.

மார்க்கம் நகரில் இருக்கும் என் மகனிடமும் சொல்லிப் பார்த்தேன். கனடாவில் பிறந்து படித்த பிள்ளை, மனேஜருடைய ஆங்கிலத்துக்கு அவனுடைய ஆங்கிலம் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அம்மா, ஐ ப்ராமிஸ், சனிக்கிழமை வந்து நான் கதைக்கிறன். ரூல்ஸ் எல்லாம் சொன்னா அவை பயப்பிடுவினம்" என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தது. "சொறி அம்மா, சம்திங் கேம் அப்."

"நீயுமோ?" என்று வைத்துவிட்டேன். அவனுக்காகச் சமைத்த இறால் குழம்பை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன்.

இதற்குள் எதிர்வீட்டுக்காரியின் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் நெருங்கிவிட்டது. மகள் மிஸிசாகாவில் இருக்கிறாள். கணவர் மாதக்கணக்காக வீட்டைவிட்டு இறங்கவில்லை. இதற்கென்றே கோட்டைக் கழுவுவித்து வைத்திருந்தார். நாங்கள் மனேஜரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரை இறக்கியே ஆகவேண்டும் என்று சொன்னோம். அவன் நெஞ்சில் கை வைத்தான். சனிக்கிழமை நிச்சயம் என்றான்.

ஞாயிறு காலை நான் கதவைத் திறந்தபோது அவர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக எலிவேற்றர் வாசலில் இருந்தார். அவள் பொத்தானை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனேஜரின் நம்பருக்கு அடித்தேன். செய்தியை விடச் சொல்லி ஒரு குரல் சொன்னது. விட்டேன், தமிழில். அதை இங்கே எழுத முடியாது.

பிறகு ஐந்தாம் மாடிக்கு இறங்கிப் போய், அங்கே இருக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்து, லொறி ஓட்டுகிற அண்ணை ஒருவரின் கதவைத் தட்டினேன். பல் விளக்கிக்கொண்டு வந்தவர் விஷயத்தைக் கேட்டதும் தன் தம்பியையும் எழுப்பினார்.

"கதிரையிலை வைச்சுத் தூக்குவம். கட்டுறதுக்கு ஏதும் கிடக்கோ?"

என் பழைய நூல்சேலையைக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசைக் கதிரையில் அவரை இருத்தி, நெஞ்சோடும் இடுப்போடும் சுற்றிக் கட்டினோம். முன்னால் தம்பி, பின்னால் அண்ணை. நான் வீல்செயாரை மடித்துக்கொண்டு பின்னால். ஒவ்வொரு திருப்பத்திலும் கதிரையைச் சரித்துத் திருப்ப வேண்டும். அவர் கண்ணை இறுக மூடியபடி தன் மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். செபம் என்று நினைத்தேன்.

"அங்கிள் பயப்பிடுறார் போலை. பயப்பிட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றார் அண்ணை, மூச்சு வாங்க.

நான் அவளைக் கேட்டேன். "பயமில்லை, மனேஜரைத் திட்டுகிறார்" என்றாள்.

கீழே வந்து சேர்ந்தபோது எல்லோருடைய சட்டையும் நனைந்திருந்தது. அண்ணை தன் காரில் அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மிஸிசாகா தேவாலயத்துக்குப் போனால் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி முடிந்துவிட்டது. ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மகள் குழந்தையை அவர் மடியில் வைத்தாள். தலைமயிர் இன்னும் ஈரமாகத்தான் இருந்ததாம். அவர் அதைத் தடவிக்கொண்டு அழுதாராம். இதையெல்லாம் அவள் பின்னர் ஃபோனில் சொன்னாள். அவரைத் திரும்ப ஒன்பதாம் மாடிக்கு எப்படி ஏற்றுவது? அவர்கள் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். மாதம் முடிய இங்கிருந்த வீட்டையும் விட்டார்கள். சாமான்களை மருமகன்தான் படிவழியே இறக்கினான்.

எலிவேற்றர் பனி விழத் தொடங்கிய பிறகு ஓடியது. கீழே மனேஜர் நின்றான். என்னைக் கண்டதும் கதவைத் திறந்து பிடித்து, "அஸ் ப்ராமிஸ்ட்" என்றான், சொன்னபடியே செய்துவிட்டவன் போல.

எந்த ப்ராமிஸ் என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. எதிர்வீட்டு ஆட்கள் போய்விட்டார்கள் என்றேன். "ஓ, தட்ஸ் ரூ பேட்" என்றான். மனதார வருத்தப்பட்டான் என்றே நினைக்கிறேன். அது இன்னும் கடுப்பாக இருந்தது. நான் அவன் பிடித்த கதவுக்குள் போகாமல், முழங்கால் நோக நோகப் படியில் ஏறினேன். மூன்றாம் மாடியில் எனக்கே என்மேல் எரிச்சல் வந்து, அங்கிருந்து எலிவேற்றரில் போனேன்.

போன கிழமை அவள் ஃபோன் எடுத்தாள். மகள் வீட்டு வாசலில் நாலு படி இருக்கிறதாம். வீல்செயார் இறங்கச் சரிவாகப் பலகை அடித்துத் தருவதாக மருமகன் சொன்னானாம். இன்னும் அடிக்கவில்லையாம். "எப்போது கேட்டாலும் அடுத்த சனிக்கிழமை என்கிறான்" என்றாள்.

வருகிற ஞாயிறு நான் அங்கே போகிறேன். மகன் காரில் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறான். நான் பஸ் நேரத்தையும் பார்த்து வைத்திருக்கிறேன்.